அந்தப் பக்கத்து ஆள்

— சாகாத ஆட்டம் எதுனா இருக்குதுங்களாண்ணா?

— சாகாத ஆட்டமா? என்னம்மா நீ! இந்தப் பென்னாகரத்துல டிவி கேம் கேசட்டு வெச்சிருக்கறது இந்தத் தீர்த்தகிரி ஒருத்தன்தான். வர்றவனெல்லாம் 'அண்ணா, நெறைய சுடுறாப்புல குடு, நெறைய வெடிக்கறாப்புல குடு'ன்னுதான் கேக்கறான். சாகாத ஆட்டம்னு கேட்டு வந்த மொத ஆளு நீதான்.

— சுடுறத மொதல்லயே தள்ளி வெச்சிருங்கண்ணா. அது ஆவாது.

— சொல்ப இரு, சொல்ப இரு. பெங்களூருல கேசட்டுக் கடையில நின்னதுல 'கொஞ்சம்' போயி இந்தச் 'சொல்ப' நாக்குல ஒட்டிக்கிச்சு, கண்டுக்காத. யாருக்கு ஆட்டம்? உனக்கா?

— எங்க அத்தைக்குங்க. வூட்டுக்காரரோட அம்மா.

— வயசு என்ன?

— அறுவதுக்குக் கிட்ட இருக்கும்.

— அறுவது வயசுல டிவி கேமு! எங்கம்மா டிவிய அமுத்தறதுக்கே தொடப்பக் குச்சிய எடுக்குது, கை பட்டா ஷாக் அடிக்குமாம். உங்க அத்த இதுக்கு முந்தி ஆடியிருக்காங்களா, இல்ல இதுதான் மொதலா?

— ஒரே ஒரு ஆட்டந்தான் ஆடியிருக்காங்க. அந்தாண்ட ஒரு மட்ட, இந்தாண்ட ஒரு மட்ட, நடுவுல பந்து போயிட்டுப் போயிட்டு வரும். வேற ஒண்ணும் தெரியாது. புது ஆளுன்னே வெச்சிக்குங்க.

— அந்தக் கேசட்டு எங்க?

— இந்தாங்க. செத்துப்போச்சு.

— எங்க பாப்பம்... அடடா, உள்ள பச்சப் பச்சையா பூத்திருக்குதே. யாரும்மா இதத் தண்ணியில முக்குனது?

— தண்ணி இல்லிங்கண்ணா, தீர்த்தம்.

— தீர்த்தமா?

— நாங்க ஏரியூர்ப் பக்கம், ஆர்.சி.ங்க. ஈஸ்டர் முடிஞ்சதும் சாமியாரு வூடு மந்திரிக்க வந்தாரு. அத்த கேம் பொட்டியிலருந்து இத உருவி ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டு, 'சாமி, இதுக்கும் ரெண்டு சொட்டு'ன்னு நின்னாங்க. அவரும் நல்ல மனுசன், தாராளமாத் தெளிச்சிட்டாரு. தொடைச்சா பாவம்னு, அத்த ஈரத்தோட அப்படியே சொருவிட்டாங்க.

— தீர்த்தம் பட்டா பாவம் போவும்னு கேள்விப்பட்டிருக்கறன். இங்க ஐசி போயிருச்சு.

— கிண்டல் பண்ணாதிங்கண்ணா. அன்னையிலருந்து எங்க வூட்டுக்கு வெள்ளிக்கிழமையே வர்றதில்ல.

— வெள்ளிக்கிழமைக்கும் கேசட்டுக்கும் என்னம்மா?

— சொன்னா சிரிப்பிங்க.

— சிரிக்க மாட்டன், சொல்லு. ஆடற ஆளு எப்படின்னு தெரியாம ஆட்டம் குடுக்கறதும், காலப் பாக்காம செருப்புத் தெக்கறதும் ஒண்ணுதான்.

— என் வூட்டுக்காரரு மஸ்கட்டுல கொத்து வேலைங்க. போன தடவ லீவுல வந்தப்ப இந்தப் பொட்டிய வாங்கியாந்தாரு. திரும்பிக் கெளம்பற அன்னைக்கு அத்த அழுது தீத்துட்டாங்க. பஸ்ஸு நிக்குது, டிரைவரு ஹாரன் மேல ஹாரன் அடிக்கறாரு, அத்த அவரு சட்டைய விட மாட்டேங்கறாங்க. அப்பச் சொன்னாரு: 'அம்மா, வெள்ளிக்கிழம எங்களுக்கு லீவு. சாயங்காலம் நீ இங்க பொட்டியப் போடு, நான் அங்க என் ரூம்ல போடறன். இந்தாண்ட மட்ட நீ, அந்தாண்ட மட்ட நானு'ன்னு.

— அடப்பாவி! நம்பிட்டாங்களா?

— ஏன் நம்ப மாட்டாங்க? டெல்லியில ஒருத்தரு ஒக்காந்து பேசறாரு, எங்க வூட்டுக்குள்ள மூஞ்சி தெரியுது. மஸ்கட்டுல எம் மவன் ஆடறது தெரியாதான்னு கேட்டா நீங்க என்னா பதில் சொல்லுவிங்க?

— அது வேறம்மா, இது வேற. அது ஆகாசத்துல வருது, இது ஒயரு... பொட்டிக்குள்ள ஒரு... சரி விடு. உனக்குத் தெரியுமில்ல, அந்தப் பக்கம் ஆடறது மிசினுன்னு?

— தெரியும். பஸ்ஸுல ஏறி, சன்னலுக்கு வெளிய தலைய நீட்டி எங்காதுல சொல்லிட்டுத்தான் போனாரு. 'காட்டிக் குடுத்துராத புஷ்பம். ஆனா அந்த நேரத்துக்கு நானும் அங்க ஒக்காந்து ஆடுவன், அது நெசம்'னாரு. அவரு ரூம்லயும் ஒரு பொட்டி இருக்குதுங்க. அதனால இந்தப் பொட்டிக்குள்ள அவரு இல்லன்னு எனக்குத் தெரியும். ஆனா எங்கையில ஆடற பிடி இருக்கறப்ப அவரு கையிலயும் ஒரு பிடி இருக்கும். எனக்கு அது போதும்.

— உங்கையிலயா? உங்க அத்த ஆடறாங்கன்னியே?

— மொதல்ல அவங்கதான் ஆடுவாங்க. 'சாப்ட்டியாடா, தலைக்குத் துண்டு கட்டறியாடா'ன்னு கேட்டுக்கிட்டே ஆடுவாங்க. பந்து நேரா வந்தாக்கூட விட்டுருவாங்க.

— ஏன்? கண்ணு தெரியலியா?

— நல்லாத் தெரியும். மவன் ஜெயிக்கட்டும்னுதான். கொஞ்ச நேரம் ஆடிட்டு, 'ஆட்டுக்குத் தழ போடணும்'னு எந்திரிச்சிப் பிடிய எங்கையில குடுத்துருவாங்க. வெளிய போயிக் கதவையும் சாத்திக்குவாங்க.

— கதவ எதுக்குச் சாத்தறாங்க?

— அதெல்லாம் எதுக்குங்கண்ணா.

— அட, சொல்லும்மா.

— புருசனும் பொஞ்சாதியும் தனியா நாலு வார்த்த பேசிக்கட்டும்னுதான்.

— சொல்ப இரு, இந்த அட்டப் பொட்டியத் தள்ளி வெச்சிக்கறன்.

— சிரிக்க மாட்டன்னு சொன்னிங்க.

— சிரிக்கல தங்கச்சி. கடையெல்லாம் தூசி.

— மிசினுன்னு தெரிஞ்சும் எனக்கு வாய் சும்மா இருக்காதுங்க. கடலக்கா புடுங்குனது, மழையில பின்னாடி செவுரு விழுந்தது, லூர்து மேரிக்குப் பொட்டப் புள்ள பொறந்தது, எல்லாத்தையும் ஒண்ணுவிடாம சொல்லுவன். பந்து திரும்பித் திரும்பி வரும். 'உம்... உம்...'னு கேட்டுக்கிட்டு இருக்கறாப்புலயே இருக்கும். ஒரு தடவ கோவத்துல ஓங்கி அடிச்சிட்டன். அந்த மட்ட பந்த விட்டுருச்சு. எனக்கு அழுவ வந்துருச்சு. கண்ணத் தொடச்சிக்கிட்டு வெளிய வந்தா, அத்த கேக்கறாங்க, 'என்னடி, அவங்கூட சண்டையா?'ன்னு.

— கடுதாசி போடறாரா?

— அது நின்னு வருசத்துக்கு மேல ஆச்சு. நல்லம்பள்ளி மாரியப்பண்ணனும் மஸ்கட்டுலதான் இருந்தாரு, இப்ப லீவுல வந்திருக்காரு. அத்த தனியாப் போயி விசாரிச்சிட்டு வந்தாங்க. கம்பெனி மாறிட்டாராம். பாலைவனத்துக்குள்ள எங்கியோ வேலையாம், தபாலே போவாத எடமாம். நல்லாத்தான் இருக்காராம்.

— அவ்வளவுதானே, பின்ன என்ன.

— அவ்வளவுதான். கடுதாசி இல்லாட்டியும் எனக்கு வெள்ளிக்கிழம இருந்துச்சு. இப்ப அதுவும் போயிருச்சு. 'வேண்டாம் புஷ்பம், அந்தச் சனியன விடு'ன்னுதான் அத்த சொன்னாங்க. பாவம், வெளிய சொல்ல மாட்டாங்க, உள்ளுக்குள்ள ஏங்கிக்கிட்டு இருக்காங்க. அப்பப்ப சுவத்தப் பாத்துக்கிட்டு ஒக்காந்துடறாங்க. நான்தான் இழுத்துக்கிட்டு வந்தன். செக்குல எண்ண ஆட்டிக்கிட்டு இருக்காங்க, வந்துருவாங்க. அதுக்குள்ள நல்லதா ஒண்ணு எடுத்துருங்கண்ணா.

— எடுத்துருவம். புதுசா ஆடறவங்களுக்கு ஆட்டம் எடுக்கறதுன்னா சும்மா இல்ல. எடுத்த எடுப்புல கஷ்டமானதக் குடுத்தம்னு வெச்சிக்க, பிடியத் தூக்கிப் போட்டுட்டுப் போனவங்க திரும்பி வரவே மாட்டாங்க. ஒரு பொத்தானுக்கு மேல இருக்கக் கூடாது. கைய எடுத்துட்டு மூக்கச் சொறிஞ்சாக்கூட ஆட்டம் காத்திருக்கணும். இங்கிலீசு படிச்சாத்தான் புரியுங்கறாப்புல இருக்கக் கூடாது. அப்பறம், தோத்தா கேலி பண்றாப்புல ஒரு சத்தம் வரும் பாரு, 'பேஏஏ'ன்னு. அது கூடவே கூடாது. வயசானவங்களுக்கு அந்தச் சத்தம் ஒரு தடவ கேட்டாப் போதும், மனசு விட்டுரும்.

— நீங்க சொல்றது அத்தனையும் சரிங்கண்ணா. கூட ஒண்ணு. அந்தப் பக்கம் ஒரு ஆளு தானா வரணும்.

— அதானே முக்கியம். இந்தா, காரு. ரோட்டுல ரெண்டு காரு ஓடும். ஒண்ண நீ ஓட்டுவ, இன்னொண்ண மிசினு ஓட்டும். முந்திக்கிட்டுப் போவணும்.

— முந்த மாட்டாங்க. ஓரமா நிறுத்திக்கிட்டு, 'நீ போ சாமி, பாத்துப் போ'ன்னுருவாங்க. ஆட்டமே நகராது.

— ஏரோப்ளேன்?

— சுடுமா?

— சுடும்.

— வெச்சிருங்க.

— குத்துச்சண்ட இருக்குது. எதுத்தாப்புல ஆளு சும்மா மலையாட்டம் வந்து நிப்பான்.

— அண்ணா! பெத்த மவன மூக்குல குத்துவாங்களா?

— அதுஞ்சரி. சொல்ப இரு... அட்டப் பொட்டிக்கு அடியில ஒண்ணு கெடக்கும். பசங்க யாரும் தொடறதில்ல, ஆடிக்கிட்டே தூங்கிடறானுங்க. ஆ, இந்தா. மீன் பிடிக்கிற ஆட்டம். இந்தாண்டக் கரையில ஒரு ஆளு, அந்தாண்டக் கரையில ஒரு ஆளு, நடுவுல தண்ணி. ரெண்டு பேரும் தூண்டில் போடணும். அவ்வளவுதான் ஆட்டமே.

— சாவறது?

— மீனத் தவிர யாரும் சாவறதில்ல.

— அந்தாண்ட ஆளு தானா போடுவாரா?

— தானாப் போடுவான். நீ சும்மா ஒக்காந்திருந்தாக்கூட அவன் பாட்டுக்குப் போட்டுக்கிட்டு இருப்பான். தொரத்த மாட்டான், மொறைக்க மாட்டான், எந்திரிச்சும் போவ மாட்டான்.

— எந்திரிச்சுப் போவ மாட்டாரா?

— கரண்டு இருக்கற வரைக்கும் போவ மாட்டான்.

— இதாங்கண்ணா. இதேதான்! கண்ணாலத்துக்கு முந்தி அவரு ஒகேனக்கல்லுல போயித் தூண்டில் போடுவாருங்க. எங்க வூட்டுக்குப் பொண்ணு பாக்க வந்த அன்னைக்கும் போயிட்டு, அப்படியே வந்துட்டாரு. எங்கம்மா 'மாப்பிள்ள கிட்ட மீன் நாத்தம் அடிக்குது'ன்னு மொகத்தச் சுளிச்சாங்க. எனக்கு மட்டும் அது பிடிச்சிருந்துச்சு. இது வரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல.

— இப்பச் சொல்லிட்டியே.

— எப்படிங்கண்ணா வந்துச்சு வாயில? போங்க... அதோ அத்த வந்துட்டாங்க. அவங்க முன்னால மிசினு கிசினுன்னு சொல்லிராதிங்க. அத்த, இங்க, இங்க! எண்ண ஆட்டியாச்சா?

— ஆச்சு கண்ணு. சர்வேசுரா, செக்குல என்னா கூட்டம்! தூக்குப் போசிய வாங்கி ஓரமா வெய்யி, சிந்திரப் போவுது. இவருதான் கடைக்காரத் தம்பியா?

— வாங்கம்மா, வாங்க. இந்த ஸ்டூல்ல ஒக்காருங்க. உங்களுக்குன்னே ஒரு ஆட்டம் எடுத்து வெச்சிருக்கறன். இந்தப் பிடியப் பிடிங்க.

— எனக்கெதுக்கு தம்பி. இவ கேக்கறாளேன்னு வந்தன்.

— பிடிச்சுத்தான் பாருங்களேன் அத்த. 

— கீழ தள்ளுனா தூண்டில் எறங்கும்மா. பொத்தான அமுக்குனா இழுக்கும். அவ்வளவுதான்.

— இந்தாண்ட நிக்கறது நானா? என்னாத்துக்கு எனக்குக் கால்சட்ட மாட்டியிருக்காங்க?

— எல்லாருக்கும் அதாம்மா உடுப்பு. அத மட்டும் மாத்த முடியாது.

— அந்தாண்ட?

— அவருதான் அத்த! தொப்பியெல்லாம் போட்டுக்கிட்டு நிக்கறாரு பாருங்க.

— தொப்பி போட்டிருக்கானா. நல்லது, நல்லது. வெயிலுக்கு ஆவும்.

— எறக்குங்க, எறக்குங்க, மீனு வருது! அத்த, இழுங்க!

— இருடி, பதறாத. டேய் சவரி, அந்தச் சின்ன மீன விடுடா, அடியில பெருசு போவுது பாரு. ஆ... ரெண்டு கயிறும் ஒரே மீனுக்குப் போவுது புஷ்பம்.

— விடாதிங்க அத்த, இன்னைக்கு ஒரு தடவயாச்சும் நீங்க ஜெயிங்க!

— எடுத்துக்கட்டும் போ. அவனுக்குத்தான் மீன் மண்ட பிடிக்கும்.

— பாத்திங்களாண்ணா, நான் சொன்னனா இல்லியா? இதையே கட்டி வெச்சிருங்க. இன்னைக்கு வெள்ளிக்கிழமைங்க, வூட்டுக்குப் போனதும் போடணும்.

— புஷ்பம், முக்குல கனகாம்பரம் விக்கறா. ஒரு மொழம் வாங்கிட்டு வா கண்ணு.

— எதுக்கு அத்த, இப்பப் போயி?

— வெறுந் தலையோடயா அவன் முன்னால ஒக்காருவ? ஓடு, பஸ்ஸு வந்துரும்.

— இதோ வந்துட்டன்! அண்ணா, அத்த இன்னொரு மீனு பிடிக்கறதுக்குள்ள வந்துருவன்.

— பாத்துப் போம்மா, ரோட்டுல லாரி வருது... நல்ல பொண்ணும்மா உங்க மருமவ.

— முக்குக்குப் போயிட்டாளா தம்பி? எட்டிப் பாரு.

— போயிட்டாங்க. ஏம்மா பிடியக் கீழ வெச்சிட்டிங்க? அந்தாளு பாருங்க, இன்னும் போட்டுக்கிட்டே இருக்கறான்.

— போடட்டும். அத அமுத்திரு தம்பி. இந்த ஆட்டம் வேண்டாம்.

— நல்லாத்தானே ஆடுனிங்க? உங்க மவன்...

— எம் மவன் அதுக்குள்ள இல்ல தம்பி. எனக்குத் தெரியும்.

— தெரியுமா? எப்படிம்மா?

— ஒரு செவ்வாக்கிழம இவ தண்ணிக்குப் போயிருந்தா. ஆச தாங்காம நானே பொட்டியப் போட்டன். அன்னைக்கும் அந்த மட்ட வந்து நின்னுச்சு. வேல நாள்ல, கொத்துக் கரண்டியக் கீழ போட்டுட்டு எவன் வந்து ஆடுவான்? ரெண்டு அடி அடிச்சிப் பாத்தன். அமுத்திட்டு அடுப்படிக்குப் போயிட்டன்.

— அப்பறம் சாமியாருகிட்ட அத ஏன் நீட்டுனிங்க?

— மிசினா இருந்தா என்ன? அவன் கை பட்ட பொருளாச்சே.

— அது வந்தும்மா... உங்க மருமவளும்...

— அவளுக்கும் தெரியும். எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கிட்டு எனக்காக ஒக்காருவா. நான் அவளுக்காக ஒக்காருவன். அவ உள்ள பேசறது ஆட்டுப் பட்டி வரைக்கும் கேக்கும். சுகமாத்தான் இருந்துச்சு தம்பி, கேக்கறதுக்கு.

— அப்பறம் என்ன? ரெண்டு பேருக்கும் சந்தோசந்தானே. மீனு ஆட்டத்தக் கட்டிக் குடுத்துடறன், எடுத்துக்கிட்டுப் போங்க.

— நீ எங்க ஊருக்காரன் இல்ல, அதனால உங்கிட்டச் சொல்றன். ஈஸ்டருக்கு அப்பறம் வந்த மாரியப்பன் எங்கிட்டச் சொன்னது வேற. சவரி மஸ்கட்டுலயே இல்ல. திரும்பி வந்து வருசத்துக்கு மேல ஆச்சு. பெங்களூருல இருக்கறான்.

— பெங்களூருலயா? காலையில பஸ்ஸு ஏறுனா மத்தியானச் சோத்துக்குப் போயிரலாமே!

— போனன். தங்கச்சி வூட்டுக்குப் போறன்னு இவகிட்டச் சொல்லிட்டுப் போனன். பெரிய கட்டடம் ஒண்ணு எழும்புது. பக்கத்துல தகரக் கொட்டாயி. வாசல்ல ஒரு பொம்பள கால நீட்டி ஒக்காந்து கைக்கொழந்தையக் குளிப்பாட்டிக்கிட்டு இருந்தா. இவன் பக்கத்துல குந்திக்கிட்டு, சொம்புல மொண்டு மொண்டு ஊத்தறான்.

— வேற யாருதாச்சும்...

— கொழந்தைக்கு எங்க சவரியோட மூக்கு, தம்பி.

— நீங்க என்ன கேட்டிங்க அவன?

— ஒண்ணும் கேக்கல. எதுத்தாப்புல நின்னு பாத்தன். கொழந்த கண்ணுல சோப்பு போயி அழுதுச்சு. இவன் ஊதி விட்டான். நான் திரும்பி வந்துட்டன்.

— அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லலியா?

— தெனமும் சொல்லணும்னுதான் வாயத் தொறப்பன். 'இன்னும் கொஞ்சம் சோறு போடட்டா அத்த'ம்பா. மூடிக்குவன். சொன்னா பொறந்த வூட்டுக்குப் போயிருவாளோன்னு ஒரு பயம். அவன்தான் போயிட்டான், இவளும் போயிட்டா நான் யாரப் பாத்துக்கிட்டு விடிய வெக்கறது? அந்த ஆசையும் எனக்கு இருக்குது, இல்லன்னு சொல்ல மாட்டன்.

— அழுவாதிங்கம்மா. இந்தாங்க, தண்ணி குடிங்க.

— அதுக்குன்னு, அவன் அங்க பிடியப் பிடிச்சிக்கிட்டுத் தனக்காக ஒக்காந்திருக்கான்னு இவ பூவ வெச்சிக்கிட்டு ஒக்காருவாளே. அதப் பாத்துட்டுக் கதவச் சாத்த எனக்கு இனிமே கை வராது தம்பி.

— அப்பப் பூ வாங்க ஏம்மா அனுப்பிச்சிங்க?

— வேற எதச் சொன்னாலும் 'அப்பறம் போறன்'ம்பா. பூவுன்னாத்தான் ஓடுவா.

— சரி. கேசட்டு எதுவும் ஓடல, எல்லாம் ரிப்பேருன்னு நான் சொல்லிடறன்.

— நீ அப்படிச் சொன்னா நாளைக்கே தருமபுரிக்குக் கெளம்புவா. அங்க இல்லன்னா சேலம். விட மாட்டா அவ.

— பின்ன எந்த ஆட்டத்தத்தான் குடுக்கச் சொல்றிங்க?

— அதோ, வந்துட்டா. வர்ற வழியிலயே பூவ வெச்சிக்கிட்டா பாரு... தம்பி, அந்தாண்ட யாருமே வராத ஆட்டமா ஒண்ணு குடு. ஒத்தையில ஆடி அவ பழகிக்கட்டும்.